சொந்தத் திராட்சை, சொந்த ஒயின்: முதல் வருடம் எப்படிப் போகும்?

கேள்வி சுருக்கமாக இது: கால் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர். இந்த வருடம் திராட்சை நட்டு, பக்கத்திலேயே சின்னதாக ஒரு ஒயின் கூடமும் கட்டினால், அடுத்த வருடம் எங்கள் பெயரில் ஒயின் விற்க முடியுமா? முதல் வருடம் எப்படி இருக்கும்?

முடியும். ஆனால் அந்த ஒயின் உங்கள் தோட்டத்துத் திராட்சையில் செய்ததாக இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆசையோடு இறங்குபவர்களில் நான் பார்த்த பாதிப் பேர் தடுமாறியது இங்கேதான். தோட்டம் ஒரு தொழில், ஒயின் கூடம் வேறு தொழில். இரண்டும் ஒரே வேகத்தில் நகராது. நட்ட கொடி மூன்றாவது வருடம்தான் ஏதோ கொஞ்சம் காய்க்கும். அதைப் பறித்துச் சிவப்பு ஒயின் செய்தால், பீப்பாயில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் போய்விடும். பாட்டிலில் அடைத்து, அது கொஞ்சம் அடங்கி, விற்பனைக்கு வரும்போது ஐந்தாவது வருடம் நடந்துகொண்டிருக்கும். அதுவரை தோட்டம் செலவு மட்டுமே வைக்கும். வீட்டில் வேறு வருமானம் இல்லையென்றால் இந்த இடத்திலேயே ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

சரி, கால் ஹெக்டேர் என்றால் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர், கொடிக்குக் கொடி 1.2 மீட்டர் விட்டால் ஒரு கொடிக்கு 3 சதுர மீட்டர் இடம். கால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 830 கொடிகள். வரிசை முனைகளில் திரும்புவதற்கு விடும் இடத்தைக் கழித்தால் இன்னும் குறையும். நன்றாக வளர்ந்த கொடி ஒன்றிலிருந்து தரமான பழமாக 2 கிலோ எடுத்தால் மொத்தம் 1,600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கிலோவுக்கு 650 மில்லி ஒயின் என்று வையுங்கள். 1,050 லிட்டர் சொச்சம், அதாவது 750 மில்லி பாட்டிலில் சுமார் 1,400. ஒரு குடும்பம் தானே செய்து, தானே விற்கக்கூடிய அளவு இது. அதே சமயம் நான்கு பேர் பிழைக்கப் போதுமான அளவு இல்லை. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். பெரிய டேங்க், பெரிய இயந்திரம் என்று விற்க வருபவர்களிடம் பேசும்போது உதவும்.

முதல் வருடம் என்பது நாற்று நடும் நாளில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய வருடமே அது ஆரம்பித்துவிடுகிறது. தேவையான ரகத்தில், தேவையான வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் கீழே வைக்கும் செடி) ஒட்டுக்கட்டிய நாற்று வேண்டுமென்றால் நாற்றங்காலில் ஒரு வருடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் போனால், மற்றவர்கள் எடுத்தது போக மிஞ்சியதுதான் கிடைக்கும். முப்பது வருடம் நிற்கப்போகிற செடியை மிச்சத்தில் பொறுக்கக் கூடாது.

ஒட்டுச்செடி எதற்கு, குச்சியை நேராக மண்ணில் ஊன்றினால் திராட்சை துளிர்க்குமே என்று கேட்பவர்கள் உண்டு. துளிர்க்கும்தான். ஆனால் ஃபைலாக்ஸெரா என்று ஒரு பூச்சி இருக்கிறது. அசுவினிக்கு உறவு, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வட அமெரிக்காவிலிருந்து 1860களில் பிரான்ஸுக்குள் வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் செத்துக்கொண்டிருந்த கொடிகளை விட்டுவிட்டு, பார்வைக்கு நன்றாக இருந்த கொடியைத் தோண்டிப் பார்த்தார்கள். பூச்சி அங்கே இருந்தது. செத்த வேரில் அதற்குச் சாப்பாடு இல்லை, நகர்ந்துவிடும். கடைசியில் தீர்வும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அங்கத்திய காட்டுத் திராட்சையின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அந்த வேரின்மேல் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டினார்கள். இன்றுவரை உலகின் பெரும்பாலான தோட்டங்களில் இதுதான் வழக்கம். வேர்ச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மண்ணின் சுண்ணாம்பு அளவு, வறட்சி, வேரைத் தாக்கும் நூற்புழு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மண் பரிசோதனையும் இந்த முந்தைய வருடத்து வேலைதான். மேல்மண்ணை மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆள் இறங்கும் அளவுக்கு, ஒரு மீட்டருக்குமேல், இரண்டு மூன்று இடங்களில் குழி வெட்டுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றி மறுநாள் வந்து பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் வடிகாலைச் சரிசெய்யாமல் அங்கே நடாதீர்கள். சத்துக் குறைந்த மண்ணைத் திராட்சை மன்னிக்கும், வேரடியில் தேங்கும் நீரை மன்னிக்காது. புளிப்பு மண்ணுக்குப் போடும் சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. அதனால் இரண்டையும் நடுவதற்கு முன்பே ஆழமாக உழுது கலந்துவிட வேண்டும். நட்ட பிறகு அந்த ஆழத்துக்கு அவற்றைக் கொண்டுபோக வழியில்லை. தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். கொடி காடாக வளரும், பழம் நிழலில் கிடந்து அழுகும்.

நிலம் சரிவாக இருந்தால் நடுச்சரிவு நல்லது. பனி உறையும் ஊர்களில் குளிர்காற்று தண்ணீர் மாதிரிதான், பள்ளத்தில் போய்த் தேங்கும். அப்போதுதான் விரிந்த துளிர், பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனாலே கருகிவிடும். அதிகாலையில் நிலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தால் எந்த இடம் சில்லென்று இருக்கிறது என்று காலுக்கே தெரியும்.

ரகத்தைப் பற்றி ஒரே வார்த்தை. உங்களுக்குப் பிடித்த ஒயினை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள். வளரும் பருவத்தில் ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பமும் 10 டிகிரிக்கு மேல் எவ்வளவு போகிறது என்று கூட்டிக்கொண்டே வந்தால் ஓர் எண் வரும். கலிஃபோர்னியாவில் அமரினும் விங்க்லரும் 1944இல் வகுத்த முறை. 1,390க்குக் கீழே என்றால் குளிர் பிரதேசம், 2,220க்கு மேலே என்றால் கடும் வெப்பம். மழையையும் ஈரப்பதத்தையும் இது கணக்கில் எடுக்காது என்பது அதன் குறை. ஆனாலும் அந்த எண்ணில் எது பழுக்குமோ அதை நடுங்கள். பக்கத்தில் யாராவது வைத்திருந்தால் போய்ப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் புலம்பல் எந்தப் பட்டியலையும்விடப் பயன்படும்.

நடவு நாள் சுலபம். இலையில்லாத தூங்கும் நாற்று, பார்ப்பதற்குக் காய்ந்த குச்சி மாதிரி இருக்கும். சில மணி நேரம் வேரைத் தண்ணீரில் ஊறவைத்து நடுவீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு கை அகலமாவது தெரிய வேண்டும். மண் அணைக்கும் ஆர்வத்தில் அதை மூடிவிட்டால் மேலே இருக்கும் ஐரோப்பிய ரகமே வேர்விடும். அப்புறம் ஒட்டுச்செடிக்குக் கொடுத்த காசுக்கு அர்த்தமில்லை.

கம்பத்தையும் கம்பியையும் இந்த வருடமே போட்டுவிடுங்கள், அடுத்த வருடம் என்று தள்ளாதீர்கள். பூமிக்கு இணையாகக் கம்பி ஓடும் அமைப்பில், காய்க்கும் கம்பி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, 80 சென்டிமீட்டர் வாக்கில் வரும். அதற்குமேல் இரண்டு மூன்று ஜோடிக் கம்பிகள், தளிர்களை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள. இதில் உயிர்நாடி முனைக் கம்பம். நான் முதன்முதலில் போட்டபோது முனைக் கம்பங்களுக்கு முட்டுக்கொடுக்காமல், ஆழமாக இறக்கினால் போதும் என்று நினைத்தேன். இரண்டாவது வருடம் இலைப்பாரமும் காற்றும் சேர்ந்து இழுத்ததில் எல்லா முனைக் கம்பங்களும் உள்பக்கம் தலைகுனிந்துவிட்டன. கம்பி தொய்ந்தது, கொடி நெளிந்தது. கொடி வளர்ந்த பிறகு கம்பம் மாற்றுவது, குடியிருக்கும் வீட்டில் அஸ்திவாரத்தைத் திரும்பப் போடுகிற கதை.

வளரும் பருவம் வந்ததும் உங்கள் முழுநேர வேலை களை பிடுங்குவது. இளங்கொடியைக் கொல்வது பெரும்பாலும் நோயல்ல, பக்கத்தில் நிற்கும் புல். தண்ணீரையும் சத்தையும் முந்திக்கொண்டு அதுவே எடுத்துவிடும். கொடியின் இருபுறமும் அரை மீட்டர் சுத்தமாக இருக்கட்டும். தினமும் கொஞ்சம் நனைப்பதைவிட, இடைவெளிவிட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள், வேர் கீழே தேடிப் போகும். பூங்கொத்து தென்பட்டால் கிள்ளி எறிந்துவிட வேண்டும். பிள்ளைகள் கெஞ்சினாலும் விடாதீர்கள். இந்த வருடம் கொடி செய்ய வேண்டிய ஒரே காரியம் வேர் பிடிப்பது.

பழம் இல்லையே, மருந்து எதற்கு என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் இலையைத் தாக்கும். இலை போனால் வேருக்குச் சேமிப்பு இல்லை. அடிச்சாம்பலுக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: தளிர் 10 சென்டிமீட்டர் எட்டியிருந்து, 10 மில்லிமீட்டர் மழை பெய்து, வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் முதல் தாக்குதலை எதிர்பார்க்கலாம். சாம்பல் நோய்க்கு இலை நனையவே தேவையில்லை, மிதமான வெப்பமும் நிழலும் போதும். அதற்குக் கந்தகம், அடிச்சாம்பலுக்குத் தாமிரம். மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்ஸின் மெடோக் பகுதியில் வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க, பாதையோர வரிசைகளில் மட்டும் இந்த அசிங்கமான நீலக் கலவையைத் தெளித்து வைத்திருந்தார்கள். மற்ற வரிசைகளில் இலை உதிர்ந்திருக்க, அந்த வரிசைகள் மட்டும் பச்சையாக நின்றதை 1882இல் மியார்தே என்ற பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். ஒரு குறிப்பு: தாமிரம் மண்ணில் தங்கிச் சேரும், கைக்கு வந்தபடி அடிக்கக் கூடாது.

இன்னொரு ஆபத்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். 2,4-டி என்ற களைக்கொல்லிக்குத் திராட்சை மிகவும் பயந்த செடி. பக்கத்து வயலில் அடித்தது காற்றில் மிதந்து வந்தால் போதும், இளம் இலைகள் விசிறிபோல் சுருங்கி, ஓரம் பல்பல்லாகிவிடும். எனக்கு ஒரு வருட வளர்ச்சி அப்படிப் போனது. நடுவதற்கு முன்பே பக்கத்து நிலத்துக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு விஷயத்தைச் சொல்லிவையுங்கள். நடந்த பிறகு சண்டை போட்டால் இலை திரும்ப வராது.

இப்போது கூடத்துக்கு வருவோம். சொந்தப் பழம் வர மூன்று வருடம் இருக்கிறதே, அதுவரை பூட்டி வைப்பதா? கூடாது. முதல் வருட அறுவடையில் நல்ல தோட்டக்காரர் ஒருவரிடம் அரை டன் திராட்சை வாங்குங்கள். அதில் 300 லிட்டருக்கு மேல் ஒயின் வரும். 225 லிட்டர் பீப்பாய் ஒன்று நிறைந்து, மேலே ஊற்றி நிரப்பக் கொஞ்சம் கையிருப்பும் இருக்கும். அதைக் கெடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். மூன்று வருடம் வளர்த்த சொந்தப் பழத்தில் பாடம் படிப்பது கொடுமை.

கட்டடத்தில் நான் முதலில் பார்ப்பது தரை. சரிவு, நடுவில் நல்ல வடிகால், கழுவினால் உலரும் பரப்பு, தாராளமான தண்ணீர். ஒயின் செய்வது என்றால் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதுதான். ஒரு லிட்டர் ஒயினுக்குப் பல லிட்டர் தண்ணீர் செலவாகும், அந்தக் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். குளோரின் கலந்த எந்தத் திரவத்தையும் உள்ளே விடாதீர்கள். குளோரினும் மரமும் பூஞ்சையும் சேர்ந்தால், ஈரக் கோணிச் சாக்கு நாற்றம் தரும் ஒரு பொருள் உருவாகும். ஒரு தடவை கூடத்தில் குடியேறிவிட்டால் அதை விரட்டுவது பெரும்பாடு.

உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் விற்பதற்காக மது செய்பவர் கணக்கு வைக்க வேண்டும், வரி கட்ட வேண்டும், அனுமதி வந்த பிறகே தொடங்க வேண்டும் என்பது பொதுவாக எங்கும் உண்டு. விண்ணப்பத்தைக் கொடி நடுவதற்கு முன்பே போடுங்கள். பழம் பழுத்து நிற்கும்போது கையெழுத்துக்காகக் காத்திருக்க முடியாது.

பழம் வந்த நாளில் சர்க்கரையை அளந்து எழுதுங்கள். பிரிக்ஸ் அளவை (சாற்றில் நூற்றுக்கு எத்தனை பங்கு சர்க்கரை என்ற எண்) 0.55 முதல் 0.6 வரை ஏதாவது ஒன்றால் பெருக்கினால் ஒயினில் வரப்போகும் ஆல்கஹால் விழுக்காடு தோராயமாகத் தெரியும். 24 என்றால் 13, 14. பிஎச் அளவும் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு ஏற ஏற இது குறையும்) அதே அளவு முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன். காம்பை நீக்கி நசுக்கி, ஈஸ்ட் போட்ட ஓரிரு நாளில் நொதித்தல் தொடங்கும். சிவப்பில் தோல் எல்லாம் மேலே மிதந்து தடித்த அடுக்காக நிற்கும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை அதை உள்ளே அமுக்க வேண்டும். நிறம் தோலில்தான் இருக்கிறது. அமுக்காமல் விட்டால் அந்த அடுக்கு சூடேறிக் காடியாகத் தொடங்கும். 25 முதல் 30 டிகிரி வரை பரவாயில்லை. 35ஐ நெருங்கினால் ஈஸ்ட் திணறும், பாதியில் நின்ற நொதித்தலைத் திரும்பக் கிளப்புவது பெரிய தலைவலி. வெள்ளை ஒயினைப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் 12 முதல் 18 டிகிரியில் வைத்துச் செய்வார்கள். குளிரூட்டும் வசதி இல்லையென்றால் முதல் வருடம் சிவப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் பெரும்பாலும் ஈஸ்ட்டுக்குத் தழைச்சத்து பற்றவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பத்தியை வீட்டில் எல்லோரும் படியுங்கள். ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 50 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும், நிறமும் இல்லை, எச்சரிக்கும்படியான வாடையும் இல்லை. மூடிய கூடத்தில் ஆள் மயங்கி விழுவதும், தூக்கப் போனவர் கூடவே விழுவதும் இந்தத் தொழிலில் நடந்திருக்கிறது. மெழுகுவத்தி அணைகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள், சுடர் அணைவதற்கு முன்பே காற்று ஆபத்தாகியிருக்கும். அளவுமானி ஒன்று மாட்டி, தரைமட்டத்தில் காற்று வெளியேற விசிறி வையுங்கள். காலியான டேங்குக்குள் தனியாக யாரும் தலையை நீட்டக் கூடாது.

நொதித்து முடிந்த நிமிடத்திலிருந்து காற்று எதிரி. நான் ஒரு தடவை 200 லிட்டர் டேங்கில் முக்கால்வாசி மட்டும் நிரப்பி, ஒரு வாரத்தில் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடலாம் என்று வைத்தேன். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது, வாரம் மாதமானது. திறந்தபோது மேலே வெள்ளை ஆடை, மூக்கைத் துளைக்கும் காடி. பாத்திரம் எப்போதும் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையும், அடிக்கடி ஊற்றி நிரப்ப வேண்டும். கூடவே சல்பைட். ஒயினில் சல்ஃபர் டை ஆக்சைடு வாயுவை விட்டு, காற்றிலிருந்தும் கிருமியிலிருந்தும் அதைக் காக்கும் உப்பு. இங்கேதான் பிஎச் வருகிறது. ஒரே பாதுகாப்புக்கு பிஎச் 3.2 ஒயினில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கட்டற்ற (வேறெதோடும் சேராமல் மிஞ்சியிருக்கும்) சல்ஃபர் டை ஆக்சைடு போதும் என்றால், 3.8இல் 80 வேண்டும். நிறுத்துப் போடும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் தூளில் பாதிக்குச் சற்று மேலே, 57 விழுக்காடுதான் அந்த வாயு. 100 லிட்டர் ஒயினில், லிட்டருக்கு 50 மில்லிகிராம் வீதம் வேண்டுமென்றால் 9 கிராமுக்குச் சற்றுக் குறைவான தூள். மருந்துக்கடைத் தராசு மாதிரி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கரண்டிக் கணக்கு உதவாது.

குடும்பத்தில் வேலைப் பிரிவினையைப் பேசிவிடுங்கள். 830 கொடிக்குக் கவாத்து, கொடிக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் 40 மணி நேரத்துக்கு மேல். அப்புறம் கட்டுதல், தளிர் கிள்ளுதல், கம்பிக்குள் செருகுதல், இலை எடுத்தல், வலை போடுதல், பறித்தல் என்று வருடத்துக்கு ஏழெட்டுத் தடவை ஒவ்வொரு கொடியையும் கையால் தொடுவீர்கள். அறுவடை மாதத்தில் கூடமும் தோட்டமும் ஒரே நேரத்தில் ஆள் கேட்கும். கூடத்தில் ஒருவர் சொல்வதே முடிவு, தோட்டத்தில் இன்னொருவர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொண்ட வீடுகளில் சத்தம் குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வருடம் முடியும்போது கடினமான ஒரு நாள் வரும். இலை உதிர்ந்து கொடி தூங்கியிருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் சில கொடிகள் கம்பியைத் தொட்டு, ஆள் உயரம்கூட எட்டியிருக்கும். அவற்றைக் கவாத்துக் கத்திரியால் அடியில் வலுவான இரண்டு மொட்டு மட்டும் விட்டு வெட்டிவிட வேண்டும். (குளிரே இல்லாத நாடுகளில் கொடி தூங்காது, வருடத்துக்கு இரண்டு கவாத்து என்று அங்கே முறையே வேறு.) யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், இவ்வளவு உயரம் வந்ததை ஏன் வெட்டுகிறோம் என்று. வேர் அப்படியே இருக்கிறது, அடுத்த பருவத்தில் அதன் பலம் முழுவதும் அந்த இரண்டு மொட்டுக்குப் போகும், அதில் நேராக எழும் ஒன்றுதான் முப்பது வருடத்துக்கான தண்டு என்று சொல்லிவிட்டு, முதல் வரிசையின் முதல் கொடியை நீங்களே வெட்டுங்கள். உள்ளே பீப்பாயில் வாங்கிய திராட்சையின் ஒயின் அடங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் அதை ஊற்றி நிரப்ப வேண்டிய நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.